பிராசசர் மாற்றப் போகிறவர்

வேலை செய்கிறவர், வேலை செய்யாதவர் என்று ஆட்களை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறீர்கள் அல்லவா? நடுவில் ஒரு பெருங்கூட்டத்தை விட்டுவிட்டீர்கள். அவர்களைச் சோம்பேறி என்று சொன்னால் பாவம் வந்து சேரும். காலையில் எழுந்து, முகம் கழுவி, தலைவாரி, வேலைக்கு முன்னால் போய் ஒழுங்காக உட்கார்ந்து, கருவியை மேலும் கீழும் முறைத்துப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, "இதை மட்டும் மாத்திட்டேன்னா இருக்கு..." என்று சொல்லிவிட்டு டீ குடிக்க எழுந்து போகிறவர்கள். இந்த இனத்துக்கு மாற்றப் போகிறவர் என்று பெயர். மாற்றியவர் அல்ல. மாற்றுகிறவரும் அல்ல. மாற்றப் போகிறவர்.

எல்லாத் தொழிலிலும் உண்டு. அடுப்பை மாற்றிவிட்டு நல்ல ரொட்டி சுடப் போகிறவர் உண்டு. கத்தரிக்கோலை மாற்றிவிட்டு ஒழுங்காக முடிவெட்டப் போகிறவர் உண்டு. அதுவரை உங்கள் காதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த இனம் தின்று கொழுத்துக் குட்டி போட்டுத் திரிவது கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுப் பிழைக்கிறவர்களிடம்தான். அதிலும் கெய்ரோவில். அதிலும் ஷுப்ராவில். அதிலும் எங்கள் தெருவில், சோறும் பருப்பும் மக்ரோனியும் கலந்து விற்கிற ஹாஜி ஷாக்கிரின் கோஷரிக் கடைக்கு எதிர்க் கட்டடத்தில், மூன்றாம் மாடியில். பெயர் வக்தி. வயது நாற்பத்தொன்று.

இந்த இனத்து ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிறமாதிரி, லேப்டாப்பின் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தால், அதோடு சேர்ந்து அவர் தலையும் சுற்றும். வாடிக்கையாளரின் போன் நம்பர் நினைவிருக்காது. எந்தப் பிராசசரில் எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். உலகத்தில் விற்கிற பிராசசர்களையெல்லாம் ஒப்பிட்டு ஓர் அட்டவணை வைத்திருப்பார். வக்தியும் வைத்திருந்தான். நாற்பத்து மூன்று வரிசை, மூன்று நிறம், நல்லதுக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், கேவலத்துக்குச் சிவப்பு, தலைப்பில் அதற்கென்றே வரைந்த ஒரு சின்னம். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அவன் வாழ்க்கையில் போட்ட டிசைன்களிலேயே அதுதான் உசத்தி.

அதை எந்த லேப்டாப்பில் போட்டான் என்று கேட்கிறீர்களா? "செத்துப் போச்சு, இதுல ஒரு கோடுகூட இழுக்க முடியாது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தானே, அதே லேப்டாப்பில்தான்.

சரி, இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்கள். நஷ்டம் இருந்தது. இப்திஸாமுக்கு.

கோஷரிக் கடை ஹாஜியின் மகள் இப்திஸாமுக்கும் வக்திக்கும் நிச்சயதார்த்தம் நடந்து ஆறு வருஷம். முதல் இரண்டு வருஷம் வீடு கிடைக்கவில்லை என்று போனது. அடுத்த இரண்டு வருஷம் வீட்டுக்குச் சாமான் சேரவில்லை என்று போனது. இப்போது வீடு இருந்தது, சுண்ணாம்பு அடித்தாயிற்று, குளிர்பெட்டி வந்தாயிற்று, பெண் வீட்டுச் சீராக வருகிற கண்ணாடி அலமாரியும், அதில் யாருமே சாப்பிடப் போகாத எண்பது பீங்கான் தட்டும் வந்து அடுக்கியாயிற்று. கல்யாணத்துக்கு அரசாங்கம் கேட்கிற மருத்துவச் சான்றிதழ்கூட வாங்கி வைத்தாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்று. அழைப்பிதழ்.

நிச்சயதார்த்தத்தன்று, நாலு பேர் கேட்க, மைக்கைப் பிடித்து வக்தி சொல்லியிருந்தான்: "எங்க கல்யாணக் கார்டை நானே டிசைன் பண்ணுவேன். எகிப்து இதுவரைக்கும் அப்படி ஒரு கார்டைப் பார்த்திருக்காது." அந்தக் கடைசி வாக்கியம் ஆறு வருஷமாக உண்மையாகவே இருந்தது. எகிப்து பார்க்கவில்லை.

செப்டம்பர் நடுவில், பள்ளிக்கூடம் விட்டு வந்த இப்திஸாம் நேராக மூன்றாம் மாடி ஏறினாள். அரபி வாத்தியாரம்மா. கைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். அவளைப் பார்த்ததும் வக்தி அட்டவணையை மூடப் பார்த்தான். வட்டம் சுற்றியது. மூடவில்லை.

"இது என்ன?"

"அது... சும்மா, ஆராய்ச்சி. பிராசசர் பத்தி. இதை மாத்திட்டேன்னு வச்சுக்கோ, கார்டு அரை மணி நேர வேலை."

"நாலு மாசமா அந்த அரை மணி நேரத்தத்தான் தேடிக்கிட்டு இருக்கியா?"

"அவசரப்படாத கண்ணு. தப்பான பிராசசர் வாங்கிட்டா வாழ்நாள் முழுக்க அதோடதான் மாரடிக்கணும்."

"எனக்குச் சொல்றியா அதை?" இப்திஸாம் வளையல் கையை இடுப்பில் வைத்தாள். நிச்சயத்தன்று அவன் போட்ட நாலு தங்க வளையல். "கேட்டுக்கோ வக்தி. அக்டோபர் இருபத்தொண்ணு கல்யாணம். ஒண்ணாந்தேதி கார்டு என் கையில இருக்கணும். இல்லேன்னா இந்த நாலையும் கழட்டி, எங்கப்பா கடை டப்பாவுல போட்டு, மேல மிளகா சாஸ் ஊத்தி உனக்கே அனுப்பிடுவேன். அப்புறம் நீ உன் பிராசசரையே கட்டிக்கோ."

"சாஸ் வேண்டாமே, எனக்கு வயித்துப் புண்ணு..."

"ரெண்டு பாக்கெட் ஊத்துவேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். சொன்னால் செய்கிறவள் என்று தெரு முழுக்கத் தெரியும். ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? அப்போதே உட்கார்ந்து, வட்டம் சுற்றினால் சுற்றட்டும் என்று, கார்டைப் போட்டு முடிப்பான். மாற்றப் போகிறவர் அப்படிச் செய்வாரா? அவருக்கு இப்போது ஒரு கெடுவும் கிடைத்துவிட்டது. பிராசசரைப் பற்றி விசாரிக்க இன்னும் தீவிரமாகக் கிளம்பிவிட்டார்.

இங்கேதான் ஊரின் குணம் வந்து ஒட்டிக்கொள்கிறது. கெய்ரோவில் யாரிடமும் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்ற பதில் வராது. வழி கேட்டுப் பாருங்கள். அந்தத் தெரு பெயரையே கேள்விப்படாதவர் உங்களை நேராகப் போய் இடது பக்கம் திரும்பச் சொல்வார். ஒருவன் வாய்விட்டுக் கேட்டுவிட்டான், வெறுங்கையோடு அனுப்புவதா? மரியாதை என்று ஒன்று இல்லையா?

தெருமுனையில் வண்டியில் அவித்த மொச்சை விற்கும் கமால் கரண்டியை ஓங்கிக்கொண்டு சொன்னார்: "எஞ்சினியரே, எத்தனை கோர்ங்கிறது முக்கியமில்ல. தணல் எப்படி இருக்குங்கறதுதான் முக்கியம். மெதுவா வெந்ததுதான் ருசி." கையில் கம்ப்யூட்டர் இருந்தால் போதும், இங்கே எவனும் எஞ்சினியர்தான், வக்தி படித்தது ஓவியம்.

முடிவெட்டும் ஸம்ஹான் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னான்: "ஐ-ஃபைவ்வா? பாஷா, உங்க தகுதிக்கு ஐ-ஃபைவ்வா? என் மச்சினிச்சி பையன் பள்ளிக்கூடத்துல படிக்கிறான், அவனே ஐ-செவன் வச்சிருக்கான். மானம் போயிரும். ஒன்பதுக்குக் கீழ தொடாதீங்க."

மைக்ரோபஸ் ஓட்டுநர் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு உடம்பையும் பின்பக்கம் திருப்பினார். "இன்ஜின் நல்லாத்தான் இருக்கும் பாஷா. ரேடியேட்டரைப் பாருங்க. எல்லாரும் இன்ஜினை மாத்துறான், ரேடியேட்டரை எவன் பாக்குறான்?" பின்சீட்டில் இருந்த அம்மாள் பதறிப்போய், "நீ ரோட்டைப் பாருடா மகனே!" என்றாள்.

ஹாஜி ஷாக்கிரிடம்கூடக் கேட்டான். வருங்கால மாமனார். பொரித்த வெங்காயத்தைத் தட்டுத் தட்டாகத் தூவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "பிராசசர்னா என்ன மாப்ள?"

"மூளைமாதிரி மாமா. கம்ப்யூட்டரோட மூளை."

"மாத்த முடியுமா?"

"முடியும் மாமா."

ஹாஜி அவன் நெற்றியைப் பார்த்தார். "கம்ப்யூட்டரோடதை மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி வெங்காயம் தூவினார்.

இருபது பேரைக் கேட்டு இருபத்திரண்டு பதில் வாங்கிக்கொண்டு, செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி வக்தி கம்ப்யூட்டர் மாலுக்குப் போனான். மாடி மாடியாகக் கடை. எல்லாக் கடை வாசலிலும் ஒருவன் நின்று "வாங்க பாஷா, உள்ளே வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்கிற இடம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் யாரும் இழுக்கவில்லை. மூன்றாம் தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், மைஸா என்ற பெண் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஏதோ சர்க்யூட் பலகையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கையை நீட்டினாள். லேப்டாப்பைக் கொடுத்தான்.

திறந்தாள். பார்த்தாள். பொத்தான் நாலு தட்டினாள். பிறகு கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினாள்.

"என்ன வேணும்?"

"பிராசசரை மாத்தணும். ஐ-செவனா, ஐ-நைனா, அதுலதான் ஒரு சின்னக் குழப்பம். என்கிட்ட ஒரு அட்டவணை இருக்கு..."

"மாத்த முடியாது."

"புரியல."

"இந்த மாடல்ல பிராசசரைப் பலகையோட சேத்து ஈயம் வச்சு ஒட்டிருக்கான். பிறக்கும்போதே ஒட்டினது. கழட்டி வேற மாட்டுற விஷயமில்ல."

நாற்பத்தொரு வருஷத்தில் கெய்ரோவில் யாரும் வக்தியிடம் "முடியாது" என்று இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. நாற்பத்து மூன்று வரிசை அட்டவணை அவன் கண்முன்னே முழுக்கச் சிவப்பானது.

"அதுவுமில்லாம, உன் பிராசசருக்கு ஒரு கேடும் இல்ல" என்றாள் மைஸா. "எத்தனை ஃபான்ட் வச்சிருக்கன்னு பாத்தியா?"

"கொஞ்சம் சேத்து வச்சிருக்கேன். தொழில் இல்லையா?"

"பதினோராயிரத்து நானூத்தி அறுபது. அதுல எத்தனை உபயோகிக்கிற?"

வக்தி யோசித்தான். "மூணு."

"தினமும் காலையில பதினோராயிரம் பிள்ளைங்களுக்கு வருகைப் பதிவு எடுத்துட்டுத்தான் பாடம் நடத்தணும்னு சொன்னா, எந்த வாத்தியாரும் மத்தியானம்தான் ஆரம்பிப்பார். நாப்பதை வச்சுக்கோ, மிச்சத்தைத் தூக்கு. உள்ள ஃபேன்ல ஒரு பூனைக்குட்டி அளவுக்குத் தூசி இருக்கு, அதை நான் ஊதித் தரேன். ஓடும்."

உலகத்திலேயே மாற்றப் போகிறவருக்குப் பிடிக்காத சொல் எது தெரியுமா? "இதுவே போதும்" என்பதுதான். போதும் என்றால் இத்தனை நாள் செய்யாத வேலைக்கு யார் பொறுப்பு? வக்தி லேப்டாப்பை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு படியிறங்கினான். பாவம், தொழில் தெரியாத பெண் என்று நினைத்துக்கொண்டான். தெரிந்தவர்கள் யாராவது முடியாது என்று சொல்வார்களா?

இரண்டாம் தளத்தில் ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தலைமுடியைப் படிய வாரிய ஹில்மி. வக்தியின் கையைப் பிடித்தார், நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், அட்டவணையைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், இதை நீங்களா போட்டீங்க? நீங்க எஞ்சினியர் இல்ல பாஷா, மேதை" என்றார். பிறகு ஒரு லேப்டாப்பைத் துணியில் சுற்றி, பச்சைக் குழந்தையைக் கொண்டுவருகிறமாதிரி கொண்டுவந்தார். "ஜெர்மனியில ஒரு டிசைனர் வச்சிருந்தது. அவரு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் திறப்பாரு. ஐ-நைன். டிசைன் புரோகிராம் எல்லாம் உள்ளேயே இருக்கு, நீங்க விரல் வச்சாப் போதும்." வாசலுக்கு வந்து வழியனுப்பும்போது ஒரு டீ-ஷர்ட்டும் இனாமாகக் கொடுத்தார். நெஞ்சில் கொட்டை எழுத்தில் "வேகமே வாழ்க்கை" என்று இருந்தது.

ஆக, வக்தி மாற்றியேவிட்டான். பிராசசரைத் தனியாக மாற்ற முடியாது என்றதும், அதைச் சுற்றியிருந்த லேப்டாப்பையே மாற்றிவிட்டான்.

செப்டம்பர் முப்பதாம் தேதி காலை. வக்தி டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பொத்தானை அழுத்தினான். டீ கொதிப்பதற்குள் புரோகிராம் திறந்துவிட்டது. கண்ணில் நீர் வந்தது. வட்டமே சுற்றவில்லை! பின்னணியில் மெல்லிய பொன்நிறம் போட்டான், ஒரு மல்லிகைக் கொடி போட்டான், நடுவில் பெயர்களை அடித்தான்.

எழுத்துகள் பிரிந்துபோய் நின்றன.

அரபி எழுத்து எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டுதான் நடக்கும், வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு. ஜெர்மனியிலிருந்து வந்த புரோகிராமுக்கு அது தெரியவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே பிய்த்து, முதல் எழுத்தை இடக்கோடியில் வைத்து, அங்கிருந்து வலப்பக்கமாக வரிசையாக நிறுத்திவிட்டது. இரண்டு பேர் கைகோக்கப் போகிறார்கள் என்று சொல்கிற கார்டில், எழுத்துகளெல்லாம் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றன.

அரபிக்கான புரோகிராமைத் தேடிப் போட்டிருக்கலாம். ஒரு நாள் ஆகும். பழைய லேப்டாப்பை எடுத்து அதில் போட்டிருக்கலாம். மானம் போகும். வக்தி மூன்றாவது வழியைப் பிடித்தான். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வழி: இணையத்தில் ஒரு சின்னக் கருவி உண்டு, அதில் வரியைப் போட்டால் பின்னுக்கு முன்னாகப் புரட்டி, எழுத்துகளை ஒட்டவைத்துத் திருப்பிக் கொடுக்கும். அதை எடுத்து ஒட்டினால், தப்பாக அடுக்குகிற புரோகிராம் தப்புக்குத் தப்பாகி, சரியாக வந்துவிடும். போட்டான். வந்தது. அழகாக வந்தது. வேகமாக வந்தது.

பிறகு டிசைனர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி வந்தது. வெற்றிடம் பத்தவில்லை என்று பட்டது. "வியாழக்கிழமை" என்ற சொல் கொடிக்குப் பக்கத்தில் நெருக்கியது, எடுத்தான். வருஷம் எதற்கு, எல்லோருக்கும் தெரியாதா, எடுத்தான். நடுவில் தேதி மட்டும் பெரிதாக, கம்பீரமாக, பொன்னில் நின்றது.

பன்னிரண்டு.

நடந்தது இதுதான். அரபியில் எழுத்து வலமிருந்து இடம் போகும், எண் மட்டும் இடமிருந்து வலம் போகும். ஆயிரம் வருஷமாக இரண்டும் ஒரே தெருவில் எதிரெதிரே வண்டி ஓட்டிக்கொண்டு, ஒன்றையொன்று இடிக்காமல் போய்வந்தன. அந்தச் சின்னக் கருவிக்கு இந்த ஒப்பந்தம் தெரியாது. எழுத்தைப் புரட்டியபோது எண்ணையும் சேர்த்துப் புரட்டிவிட்டது. இருபத்தொன்று தலைகீழாகிப் பன்னிரண்டாகி, ஒன்றும் தெரியாததுபோல் நின்றது.

வக்தி பார்க்கவில்லையா? பார்த்தான். நிமிஷக் கணக்கில் பார்த்தான். இரண்டு எண்ணுக்கும் நடுவே இடைவெளி ஒரு மயிரிழை கூடுதலாகத் தெரிந்தது, குறைத்தான்.

அச்சகத்துப் பயூமி பார்க்கவில்லையா? அவர் பொன்நிறம் சரியாக ஏறுகிறதா என்று மட்டும் பார்ப்பார். முப்பது வருஷமாக ஓர் அழைப்பிதழையும் படித்ததில்லை, அழைக்காத கல்யாணத்தைப் படித்து என்ன ஆகப்போகிறது என்பார். இப்திஸாம்? ஒன்றாந்தேதி மத்தியானம், சொன்ன நாளில், கார்டு அவள் கைக்கு வந்தது. முதலில் அழுதாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தாள். பெயர், தகப்பன் பெயர், தாத்தா பெயர், ஒவ்வொரு புள்ளி, ஒவ்வொரு சுழி, ஒன்று விடாமல் பார்த்தாள். ஒரு பிழை இல்லை. எண்ணைப் பார்க்கவில்லை. எண் கணக்கு வாத்தியாரின் துறை. அதோடு, தன் கல்யாணத் தேதியைக் கார்டைப் பார்த்தா ஒரு பெண் தெரிந்துகொள்வாள்?

"பாத்தியா?" என்றான் வக்தி. "பிராசசர்."

"சரி, ஒத்துக்கிறேன்" என்றாள் இப்திஸாம். வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். முந்நூறு கார்டும் அன்றைக்கே வெளியூர்ச் சொந்தங்களுக்காக டான்டாவுக்கும் மன்சூராவுக்கும் ஷுப்ராவின் எல்லாச் சந்துகளுக்கும் பறந்தன.

அக்டோபர் பன்னிரண்டு, சாயங்காலம் நாலு மணி. ஹாஜி ஷாக்கிர் கடையில் பருப்பு வடித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பந்தல்காரர் முர்ஸி இறங்கி, தெருவில் குழி தோண்ட ஆரம்பித்தார்.

"யோவ் முர்ஸி! என்னய்யா பண்ற?"

"பந்தல் போடறேன் ஹாஜி. மக கல்யாணத்துக்கு வெயில்லயா உக்கார வைப்பீங்க?"

"கல்யாணம் இருபத்தொண்ணு! வாயால சொல்லிருந்தேனே!"

"வாயால சொன்னீங்க. அப்புறம் கார்டு வந்துச்சு. அச்சுல இருக்கறதுதானே சட்டம்?"

ஹாஜி கார்டைப் பிடுங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டான்டாவிலிருந்து ஒரு மைக்ரோபஸ் வந்து, மூன்று அத்தைகளையும் பதினொரு பிள்ளைகளையும் ஒரு கூடை வாத்தையும் இறக்கியது. பின்னாலேயே பாட்டுப்பெட்டிக்காரன். அவன் பின்னால் மன்சூரா ஊர்ச் சொந்தங்கள். ஒரு மணி நேரத்தில் தெருவில் இருநூறு பேர்.

யாருமே ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேட்கவில்லையா என்பீர்கள். பெரிய அத்தையே சொல்லிவிட்டார்: "ஆறு வருஷம் பின்னால போய்க்கிட்டே இருந்த கல்யாணம், ஒரு தடவை முன்னால வருது. வாயைத் திறந்து கேட்டுக் கெடுப்பாங்களா யாராச்சும்?"

இப்திஸாம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பந்தலைப் பார்த்தாள். கார்டை வாங்கிப் பார்த்தாள். சிவப்புப் பேனாவை எடுத்து, பன்னிரண்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அது சுற்றாத வட்டம். பிறகு போனை எடுத்தாள்.

"எங்க இருக்க?"

"மால்ல" என்றான் வக்தி. "ஒண்ணுமில்ல கண்ணு, ஒரு சின்ன விசாரணை. நாம வாங்கினோம்ல, அதுக்கு அடுத்த தலைமுறை ஜனவரியில வருதாம். இப்பவே இதைக் கொடுத்துட்டா..."

"வக்தி. இங்க உனக்குக் கல்யாணம் நடந்துக்கிட்டு இருக்கு."

"எனக்கா? யார்கூட?"

"பொண்ணு வந்தாச்சு, பந்தல் வந்தாச்சு, வாத்து வந்தாச்சு. மாப்பிள்ளை மட்டும் இன்னும் லோடு ஆகல."

அரை மணி நேரத்தில் டுக்-டுக் ஆட்டோவில் வந்து இறங்கினான். உடம்பில் அந்த டீ-ஷர்ட். ஹாஜி கார்டை அவன் மூக்குக்கு முன்னால் பிடித்தார். வக்தி பார்த்தான். ஒரே கணத்தில் எல்லாம் புரிந்தது; அவன் மூளை அவ்வளவு வேகமாக அதற்கு முன்னால் ஓடியதில்லை.

"மாமா, எழுத்தெல்லாம் சரியா இருக்கு பாருங்க..."

"எழுத்தையாடா கட்டி வைக்கிறேன்?"

"எல்லாரையும் அனுப்பிடலாம் மாமா. ஒன்பது நாள்தானே? நான் சூட்டு வேற இன்னும் தச்சு முடிக்கல. துணியில ரெண்டு ரகம் இருக்கு, எதுன்னுதான்..."

அத்தைகள் வாயை மூடினார்கள். வாத்துகூட மூடியது. இப்திஸாமின் வலது கை இடது கை வளையலைப் பிடித்திருந்தது. முதல் வளையல் மணிக்கட்டு வரை இறங்கிவிட்டது. ஹாஜி தன்னையறியாமல் கடைக்குள் டப்பா அடுக்கியிருந்த பக்கம் பார்த்தார். தெருவில் எல்லோருக்கும் அந்த மிளகாய் சாஸ் சபதம் தெரியும்.

அவள் வக்தியை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். நெஞ்சில் எழுதியிருந்ததைப் படித்தாள். வாத்தியாரம்மா, பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். குபீரென்று சிரித்துவிட்டாள்.

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் ஒரு வேலையை முன்கூட்டி முடிச்சிருக்க" என்றாள். வளையலை மேலே தள்ளினாள். "அதுவும் ஒன்பது நாள். இன்னைக்கு உன்னை விட்டேன்னா ஜனவரி தலைமுறை வரட்டும்னு சொல்லுவ. உக்காரு."

"சூட்டு..."

"ஸம்ஹான்! உன் கோட்டைக் கழட்டிக் கொடு!"

முடிவெட்டுகிற ஸம்ஹானின் கோட்டை மாட்டினார்கள். தோளில் யார் யாருடைய முடியோ இருந்தது. அவள் ஆறு வருஷத்துக்கு முந்தைய நிச்சயதார்த்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, முதுகில் நாலு ஊக்குக் குத்திக்கொண்டு வந்தாள். நிக்காஹ் எழுதும் ஷேக்கும் கார்டைப் பார்த்துச் சரியாக வந்திருந்தார். மாமனார் கையையும் மாப்பிள்ளை கையையும் கோத்து, மேலே வெள்ளைக் கைக்குட்டையைப் போட்டார். பழைய பேனாவால் பழைய பதிவேட்டில் எழுத ஆரம்பித்தவர், தலையைத் தூக்கிக் கேட்டார்: "இன்னைக்குத் தேதி என்ன?"

தெரு மொத்தமும் கத்தியது: "பன்னெண்டு!"

ஒரு கோர்கூட இல்லாத அந்தப் பேனா நாலு நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டது.

இப்போது இருவரும் சுகம். கல்யாணமான இரண்டாம் நாளே இப்திஸாம் பழைய லேப்டாப்பை மைஸாவிடம் கொடுத்துத் தூசி ஊதி வாங்கினாள். பிறகு சிவப்புப் பேனாவோடு வக்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பதினோராயிரத்துச் சொச்சம் ஃபான்ட்டையும் ஒவ்வொன்றாகப் பெயர் கூப்பிட்டு, நாற்பதை மட்டும் பாஸ் போட்டாள். அது இப்போது பறக்கிறது. ஜெர்மனிக்காரரின் லேப்டாப், யாரும் சாப்பிடாத எண்பது தட்டுகளுக்கு நடுவில், கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வக்தி டிசைன் போடுகிறான் என்றுதான் கேள்வி. நாற்காலிதான் கொஞ்சம் முதுகுக்குச் சரியில்லையாம். அதை மட்டும் மாற்றிவிட்டால் என்று சொல்ல வாயெடுத்தான், அவள் பேனா மூடியைக் கழற்றினாள், உட்கார்ந்துவிட்டான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், வக்தி உங்களுக்கு யாரோதானே. ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன்: இதைப் படிக்க உட்கார்ந்தீர்களே, எந்த வேலையை நிறுத்திவிட்டு வந்தீர்கள்? மெஷின் மெதுவாக இருக்கிறது, அது திறக்கிறவரைக்கும் சும்மா ஒரு பக்கம் புரட்டலாம் என்றுதானே? அந்தப் பக்கத்தில், திறந்து வைத்து மறைத்திருக்கிறீர்களே, அது என்ன, அட்டவணையா? பச்சை மஞ்சள் சிவப்பா?

சரி, நான் பார்க்கவில்லை. லேப்டாப்பின் அடிவயிற்றிலிருந்து முதலில் கையை எடுங்கள். காய்ச்சல் அதற்கில்லை.